போதகர் எழுதாத வாக்கியங்கள்

பேனா என்பது பெண்ணின் விரலுக்குக் கனமானது காற்புள்ளி ஊசியோ அவள் விரலுக்கென்றே கடவுள் அளவெடுத்துச் செய்தது முற்றுப்புள்ளி, என்று என் வாய் வாசித்துக்கொண்டிருக்கிறது. வாய்க்கு வேலை கொடுத்துவிட்டு நான் எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம், இந்த உத்தியோகத்தில் இருக்கிற ஒரே சௌகரியம் அதுதான். கையெழுத்துப் பிரதி என் மடியில், அதைப் பார்த்து அம்மா எழுத்துக் கோத்து எடுத்த முதல் அச்சுத்தாள், அதாவது புரூஃப், எதிரே டெவ்லின் வாத்தியாரின் மேசையில். நான் பிரதியைப் புள்ளி முதற்கொண்டு உரக்க வாசிக்க வேண்டும், அவர் காதால் என்னைக் கேட்டு, கண்ணால் புரூஃபைப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஓரத்தில் திருத்த வேண்டும், அந்தத் திருத்தத்தைப் பார்த்து அம்மா ஈய எழுத்துகளை மாற்றிக் கோக்க வேண்டும், இப்படித்தான் டப்ளினில் ஒரு புத்தகம் பிழையில்லாமல் பிறக்கிறது. பிழையில்லாமல், ஹா. வெளியே மழை, லிஃபி ஆற்றின் சேற்று நாற்றம், தெருவில் சிப்பிக்காரி மூக்கால் இழுக்கிறாள், சிப்ப்ப்பீ, உயிரோட சிப்ப்ப்பீ, அந்த இழுப்பை நேற்றே பழகிவிட்டேன், நேற்று நான் ஜன்னலிலிருந்து கூவினேன், தெருமுனையிலிருந்து ஒரு சமையற்காரி பாத்திரத்தோடு ஓடி வந்தாள். உள்ளே ஆளிவிதை எண்ணெயும் புகைக்கரியும் கலந்த மை வாசம், மை ஒற்றும் தோல்பந்துகளை இரவெல்லாம் மூத்திரத்தில் ஊறவைக்கிற வாசம், இவை பழகிய வாசங்கள், இவற்றுக்கு நடுவில் இன்றைக்குப் புதிதாக லவெண்டர் தண்ணீர் வாசம் ஒன்று. கணப்படுப்பின் பக்கத்தில், அம்மா துடைத்துப் போட்ட நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் போதகர் ஹார்ட்வெல். என் மடியில் இருக்கிற புத்தகத்தை எழுதியவர். எழுதியவர் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பவர். ஊசி பிடித்த கை காற்புள்ளி தொட்டிலை ஆட்டிய கை காற்புள்ளி, வாசி ஓனோரா, குரல் நடுங்கக் கூடாது, அவருக்குக் குழந்தை கிடையாது, தொட்டிலை எங்கே பார்த்தாரோ.

இன்றைக்கு வருவார் என்று யாரும் சொல்லவில்லை. கடைசித் தாளின் புரூஃப் பார்க்கிறீர்களாமே, என் சொற்கள் ஒரு கன்னிப் பெண்ணின் குரலில் எப்படி ஒலிக்கின்றன என்று கேட்க ஆசை, என்று கதவைத் திறந்தபோது சொன்னார். கன்னிப் பெண்ணின் குரல்! என்னிடம் இருப்பது அந்த ஒன்று தவிர மற்ற எல்லாக் குரலும். டெவ்லின் வாத்தியாரின் கபம் கட்டிய லத்தீன் குரல், கோட்டைக் காவலனின் லண்டன் குரல், வெண்ணெய்க்காரி, ஏலக்காரன், எங்கள் வாரிசின் குரல். வாரிசை உங்களுக்குத் தெரியாது. எங்கள் அச்சகத்தில் அடிக்கும் ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்புப் பக்கத்திலும் கீழே ஒரு வரி இருக்கும், பாட்ரிக் கில்பாயின் வாரிசுகளால் அச்சிடப்பட்டது, டப்ளின், 1764 என்று. பாட்ரிக் கில்பாய் என் அப்பா, செத்துப்போனார். வாரிசுகள் என்பது அம்மாவும் நானும். சிபில் கில்பாய் என்று உன் பெயரையே போட்டால் என்ன அம்மா, மற்ற விதவைகள் போடுகிறார்களே என்று கேட்டால், உன் அப்பா பெயரைப் பார்த்து வருகிறவர்கள் வரட்டும் என்பாள். பொம்பளையிடம் காகிதம் விற்க மாட்டேன், வாரிசைக் கூப்பிடு என்று ஒருமுறை காகித வியாபாரி வாசலிலேயே நின்றுகொண்டான். நான் மாடியிலிருந்து ஒரு இருமல் இருமினேன். பிறகு அடித்தொண்டையில், "யாரது, கிராஸ்பியா? இறக்கி வச்சிட்டுப் போய்யா, தூங்கறவனை எழுப்பிக்கிட்டு!" தொப்பியைக் கழற்றி மாடியைப் பார்த்து வணங்கிவிட்டு இறக்கி வைத்தான். அவன் போனதும் அம்மா காகிதக் கட்டின் மேல் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள், அழுகிறாள் என்று நினைத்து இறங்கி ஓடினேன், சிரித்துக்கொண்டிருந்தாள், அப்பா போனபிறகு முதல் சிரிப்பு. அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை இப்படிச் செய்தால் உன் நாக்கைக் கழுவிக் கொடியில் காயப்போடுவேன் என்றாள். எழுதத் துணிந்த பெண்ணுக்கு அடுப்பு அணைந்துபோகும் அரைப்புள்ளி, கொடி என்றால் இதோ தலைக்கு மேலே, அறை நீளத்துக்கு, அச்சடித்த தாள்கள் துணி மாதிரி காய்ந்துகொண்டிருக்கின்றன, மகளிர்க்கு அறவுரைகள், முதல் அறவுரையிலிருந்து கடைசிக்கு முந்தியது வரை, ஈரமாக, கனமாக, அவருடைய நரைமயிர் டோப்பாவுக்கு ஒரு முழம் மேலே, அவர் நிமிர்ந்து பார்த்தால் போதும். பார்க்கவில்லை. தன் காலணியின் வெள்ளிக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்லது. அதையே பாரும்.

அந்தத் தாள்களில் நான் இருக்கிறேன். முதல் வாக்கியம் திட்டம் போட்டு வரவில்லை. சிக்கனத்தைப் பற்றிய அறவுரை, பெண்ணுக்குச் சிக்கனமே அணிகலன் முற்றுப்புள்ளி என்று வாசித்தேன், அவர் எங்கள் கடைக்கு முதல்நாள் வந்தபோது திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டிய வெள்ளிப் பொடிடப்பா கண்ணில் வந்தது, அவர் குரல் என் தொண்டையில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தது, அந்தக் குரல் தானாகவே மேலே போய், இதைப் போதிப்பவரின் பொடிடப்பா வெள்ளியில் இருப்பது வழக்கம் முற்றுப்புள்ளி என்றது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். டெவ்லின் வாத்தியார் நிமிரக்கூட இல்லை. ஒரு வரி விட்டுப்போச்சு என்று முனகிக்கொண்டே ஓரத்தில் எழுதினார். வாத்தியாரின் கொள்கை அது. "அர்த்தத்தைக் காதில வாங்கினா பிழை தப்பிப் போயிடும், பொண்ணே. சொல்லை மட்டும் பிடிக்கணும். அர்த்தம் எழுதினவன் பாடு." அன்று சாயங்காலம் அம்மா அந்த வரியைக் கோத்தாள், மறுநாள் அது அச்சாகிக் கொடியில் தொங்கியது, நான் அதன் கீழே நின்று ஒரு ஆட்டம் ஆடினேன் பாருங்கள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அடக்கத்துக்கு ஒன்று, கீழ்ப்படிதலுக்கு ஒன்று, கீழ்ப்படிகிற குதிரையை எல்லோரும் புகழ்கிறார்கள், குதிரைக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், அது என்னுடையது. குறும்பு என்றுதான் தொடங்கினேன். நடுவில் எங்கேயோ வேறு ஏதோவாக ஆகிவிட்டது. படுக்கையில் கிடந்து வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டேன், ஒரு சொல் சரியாக விழாவிட்டால் பல் வலி மாதிரி குடைந்தது. கடைசி அறவுரைக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன், பெண்கள் நூல் எழுதத் துணிவதைப் பற்றி அவர் முழங்குகிற இந்த அறவுரைக்கு. வாய்திறவாத பெண்ணை ஊர் மெச்சுகிறது அரைப்புள்ளி அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஊருக்கு நெஞ்சு இல்லை முற்றுப்புள்ளி. நான் செய்ததிலேயே நல்லது அது. கேலி இல்லை அதில். அது அச்சில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, என் பெயர் வேண்டாம், பாராட்டு வேண்டாம், ஒரு வாக்கியம், ஈயத்தில், நேராக. அதற்குள் இந்த மனுஷன் வந்து உட்கார்ந்துகொண்டார். வாசித்தால் மாட்டிக்கொள்வேன். மாட்டிக்கொண்டால் இவர் வேலையைப் பிடுங்கி வேறு அச்சகத்துக்குக் கொடுப்பார், போகிற இடமெல்லாம் சொல்வார், அம்மாவின் கதவை எந்தப் போதகரும் தட்ட மாட்டார். எனக்கு லிமரிக். இன்னொரு சேட்டை செய்தால் லிமரிக்கில் சித்தி வீட்டில் கையுறை தைக்கப் போகிறாய் என்று அம்மா போன மாதமே சொல்லிவிட்டாள், அவள் சொன்னால் சொன்னதுதான். ஆட்டுக்குட்டித் தோல், மெழுகு நூல், சித்தியின் செபம். வாசிக்காமல் விட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாது, அதுதான் கொடுமை. தாள் அச்சாகும், தைப்பார்கள், தோல் அட்டை போடுவார்கள், அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருப்பது எனக்கு மட்டும் தெரியும். மௌனமே பெண்ணின் மகுடம் முற்றுப்புள்ளி. இதோ அந்த இடம். இங்கேதான். உள்ளே அம்மா சுத்தியலால் ஈய எழுத்துச் சட்டத்தைத் தட்டி இறுக்குகிற சத்தம், டக், டக், வாத்தியாரின் பேனா காத்திருக்கிறது, வேண்டாம் ஓனோரா, அடுத்த பத்திக்குப் போ, போயேன், லிமரிக்கில் மழை இதைவிட அதிகமாம், போ, வாய்திறவாத பெண்ணை ஊர் மெச்சுகிறது அரைப்புள்ளி அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்க ஊருக்கு நெஞ்சு இல்லை முற்றுப்புள்ளி.

"நிறுத்து," என்றார் போதகர். நிறுத்தினேன். மூச்சையும் சேர்த்து. "மறுபடி வாசி, பெண்ணே." மறுபடி வாசித்தேன், அவருடைய குரலிலேயே, வேறு குரல் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பொடிடப்பாவைத் திறந்தார், போடவில்லை, மூடினார். "ஆழம்," என்றார். "என்ன ஆழம்! பாருங்கள் டெவ்லின், இதை எப்போது எழுதினேன் என்றே நினைவில்லை. சில வரிகளை நாம் எழுதுவதில்லை, அவை அருளப்படுகின்றன." வாத்தியார் ஓரத்தில் எழுதி முடித்து, "விட்டுப்போன வரி, சேர்த்தாச்சு ஐயா," என்றார். "சாய்ந்த எழுத்தில் போடச் சொல்லுங்கள். டப்ளின் கோட்டை விருந்தில் சீமாட்டிகள் முன்னால் நானே வாசித்துக் காட்டப் போகிறேன்." தப்பித்தேன். ஐயோ, தப்பித்தேன், சாய்ந்த எழுத்து வேறு, லிமரிக் இல்லை, சித்தி இல்லை, குதிக்க வேண்டும் போலிருந்தது, எழுந்து குதித்திருப்பேன், ஆனால் அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. என் வாக்கியத்தைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்திறவாத பெண்ணை. இனிப்பைக் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிற பிள்ளை மாதிரி. ஊருக்கு நெஞ்சு இல்லை. கையை லேசாக உயர்த்திப் பார்த்தார், விருந்தில் எந்த இடத்தில் கை உயர வேண்டும் என்று. அந்தக் கை. பெயர் வேண்டாம் என்று சொன்னவள் நான்தானே, இப்போதுதானே சொன்னேன், ஈயத்தில் நின்றால் போதும் என்று, நிற்கப் போகிறதே, சாய்ந்து நிற்கப் போகிறதே, அப்புறம் என்ன, வாயை மூடிக்கொண்டு அடுத்த பத்தியை வாசி, மூடிய வாய்க்குத்தானே மகுடம், சீமாட்டிகள் விசிறியால் தட்டிப் பாராட்டுவார்கள், என்ன ஆழம் போதகரே, பெண் மனதை எப்படி அறிந்தீர்கள், அவர் தலை குனிவார், அருளப்பட்டது அம்மணி. அருளியது யார்? மூத்திரப் பந்து கழுவுகிற கையோடு நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். "அது உங்களோடது இல்லீங்க ஐயா." எந்தக் குரலில் சொன்னேன் என்று கேட்காதீர்கள், நானே கவனிக்கவில்லை.

"என்ன?" "நான் செஞ்சது. பிரதியில இல்ல." வாத்தியாரின் பேனாவிலிருந்து ஒரு சொட்டு மை புரூஃபில் விழுந்தது. போதகர் எழுந்து வந்து என் மடியிலிருந்த தாளைப் பிடுங்கினார், மௌனமே பெண்ணின் மகுடம், அடுத்து ஆகவே, நடுவில் ஒன்றும் இல்லை, விரலால் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது, சிவப்பு மேலே ஏறியது. "டெவ்லின்!" "நான் காதை நம்பினேன் ஐயா, முப்பது வருஷமா காதைத்தான் நம்பறேன்." "அடியுங்கள் அதை! அடியுங்கள்!" வாத்தியார் கோடு போட்டு அடித்தார், என் வாக்கியத்தின் மேல் பேனா கிறீச்சிட்டது, தோலை உரிக்கிற மாதிரி இருந்தது, அதற்குப் பிறகு பயம் என்று ஒன்று என்னிடம் மிச்சமில்லை, சிரிப்புதான் இருந்தது, சிரிப்பு எனக்கு எப்போதும் தப்பான நேரத்தில் வரும். அதை அவர் பார்த்துவிட்டார். "வேறு எங்கேயாவது... இதற்கு முன்னால்..." என்றார். மேலே பார்க்கவில்லை இன்னும், ஆனால் கழுத்துக்குத் தெரிந்துவிட்டது. "இருக்கலாங்க ஐயா." "எவை?" "நீங்களே சொல்லுங்க. உங்க புத்தகம்தானே." "என் பிரதி எங்கே? முந்தைய அறவுரைகளின் பிரதி?" அப்போதுதான் அம்மா உள்ளறையிலிருந்து வந்தாள், சுத்தியல் கையில், காதோரம் மை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகத்தில் எதுவும் இல்லாததிலிருந்து தெரிந்தது. "அச்சாகி முடிஞ்ச கையெழுத்துப் பிரதியை நாங்க வச்சுக்கறதில்லை ஐயா. எல்லா அச்சகத்திலும் அப்படித்தான். கேக்கு சுடற கடைக்குப் போயிடும், தட்டுக்கு அடியில போட." அடக்கமும் கீழ்ப்படிதலும் வெண்ணெயில் ஊறி டப்ளின் முழுக்கத் தின்னப்பட்டிருக்கின்றன. "இதை நீதானே கோத்தாய், அம்மணி? எவை என்னுடையவை இல்லை, சொல்!" அம்மா சுத்தியலை இடுப்பில் கட்டியிருந்த துணியில் துடைத்தாள். "நான் எழுத்தைத்தான் கோக்கறேன் ஐயா. எழுதினவரை இல்லை."

வேறு அச்சகத்துக்குப் போவேன் என்றார். மறுபடி முதலிலிருந்து அச்சடிப்பேன் என்றார். ஆயரிடம் சொல்வேன் என்றார், அங்கேதான் என்னால் தாங்க முடியவில்லை, எழுந்து நின்றேன், கை தானாகப் பின்னால் கட்டிக்கொண்டது, தாடை தானாக உள்ளே போனது, "ஆயர் அவர்களே," என்றேன், லவெண்டர் வாசம் ஒன்றுதான் குறை, மற்றபடி அவரேதான், "ஆயர் அவர்களே, ஒரு விஷமக்காரப் பெண் என் நூலில் கை வைத்துவிட்டாள். எந்தெந்த இடம் என்கிறீர்களா? அதுதான்... அதுதான் எனக்குப் பிடிபடவில்லை." வாத்தியார் கபத்தை விழுங்குகிற மாதிரி ஒரு சத்தம் போட்டார். போதகர் என்னை அடிக்கக் கை ஓங்கினார் என்று நினைக்கிறேன், கை பாதி வழியில் நின்றது, ஏனென்றால் அம்மா அசையவே இல்லை, சுத்தியலோடு நின்ற இடத்தில் நின்றாள். ஓங்கிய கை போவதற்கு வேறு இடமில்லாமல் மேலே கொடியைப் பிடித்தது. அப்படித்தான் அவர் நிமிர்ந்தார். தொங்குகிற தாள்களுக்குக் கீழே, கழுத்தை வளைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, பொடிடப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தார், ஈரத்தாள் டோப்பாவில் உரசியது. உதடு அசைந்தது. இது என்னுடையது. இது... இதுவும். திரும்பி வந்து முதல் தாளில் நின்றார். "இதோ! பெண் கோப்பைக்கு அடியில் வைக்கும் தட்டு போன்றவள், சிந்துவதை ஏந்துவதே அவள் பிறவிப் பயன். இந்த அபத்தம்! இதை நான் எழுதவே இல்லை!" "அது நீங்க எழுதினதுதாங்க ஐயா. சத்தியமா. நாங்களே ரொம்ப நேரம் பார்த்தோம்." மேலும் நடந்தார். பாவமாகக்கூட இருந்தது, இல்லை, பாவமாக இல்லை, சும்மா சொன்னேன். என் குதிரையைக் கடந்து போனார், தலையை ஆட்டி ஆமோதித்தார். விதவைகளுக்கான அறவுரையில் நின்றார். அங்கே நான் எதுவும் சேர்க்கவில்லை, எனக்கு அதில் சொல்ல என்ன இருக்கிறது, அதனால் நிம்மதியாக இருந்தேன். அவர் முகம் தெளிந்தது. "இது என்னுடையது," என்றார், யாரையும் பார்க்காமல், கெஞ்சுகிற மாதிரி, "இது நிச்சயம் என்னுடையது." உரக்க வாசித்தார். "கணவன் இறந்ததும் அவன் நாற்காலி சீக்கிரமே காலியாகிவிடுகிறது, அவன் பெயர்தான் எழுந்து இடம் விடுவதில்லை."

எனக்குத் தெரியாது அந்த வாக்கியத்தை. அந்த அறவுரையை நான்தான் வாசித்தேன், ஒவ்வொரு புள்ளியும் என் வாய்வழியாகப் போனது, பிரதியில் அது இல்லை, நான் சேர்க்கவில்லை, வாத்தியார் காதில் விழாததை எழுத மாட்டார், புரூஃப் முடிந்து, திருத்தம் முடிந்து, எல்லோரும் போனபிறகு, சட்டத்தை இறுக்குவதற்கு முன்னால் அதைத் தொடுகிற விரல்கள் இந்த வீட்டில் ஒரு ஜோடிதான். மெதுவாகத் திரும்பினேன். அம்மா மேசையிலிருந்த புரூஃபைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள், அடிக்கப்பட்ட என் வாக்கியத்தை, தலைகீழாகவும் நேராகவும் வாசிக்கத் தெரிந்த அந்தக் கண்களால். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே வழியில் வர முண்டிக்கொண்டன. இத்தனை நாள் என் பொடிடப்பாவையும் குதிரையையும் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கிக் கோத்தவள் இவள். லிமரிக் என்று மிரட்டியவள் இவள். மேலே பார்க்காமலே, "இங்க கறை பட்டிருக்கு வாத்தியார்," என்றாள், "அடிச்சிருக்கறது தெளிவா இல்ல. அடிச்சதா, இருக்கட்டும்னு விட்டதா?" வாத்தியார் போதகரைப் பார்த்தார். போதகர் கொடிகளுக்கு நடுவே நின்றார், விதவை வாக்கியத்தைக் கையால் பிடித்தபடி, அது கழுவின துணி மாதிரி அவர் மணிக்கட்டில் ஈரம் சொட்டியது. அடி என்று சொன்னால் ஒன்று போகும், மற்றவை எவை என்று தெரியாமலே போய் விருந்தில் எழுந்து நிற்க வேண்டும், எந்த வரியை வாசித்தாலும் யாருடையதோ என்று. விடு என்று சொல்லவும் அவரால் முடியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவுவரை போய், திரும்பாமல், "சாய்ந்த எழுத்து வேண்டாம்," என்றார்.

வாத்தியார் நெடுநேரம் யோசித்தார், பிறகு அடித்த கோட்டின் கீழே புள்ளிகள் வைத்து, ஓரத்தில் இருக்கட்டும் என்று எழுதினார். அம்மா உள்ளே போனாள், டக், டக் என்று சுத்தியல் மறுபடி ஆரம்பித்தது, அதற்கு நடுவில் அவள் குரல், அதட்டல், எப்போதும் போல, "என்ன சத்தத்தைக் காணோம்? வாசி, ஓனோரா. வாத்தியாருக்கு மை காயுது." வாசித்தேன். ஆகவே காற்புள்ளி மகளே காற்புள்ளி உன் பேனாவைக் கீழே வை முற்றுப்புள்ளி. அதன் கீழே போதகரின் சுழித்த கையெழுத்தில் முற்றும் என்று இருந்தது, அதற்குக் கீழே வெறும் காகிதம். வாத்தியார் பேனாவைத் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் வாசித்துக்கொண்டே போனேன்.